ஒத்திகை இல்லாத நாடகத்துக்கு ஒரு வாத்தியார்

திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுகிறார்கள். தொடங்குவதற்கு முன் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரின் படத்தை வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுகிறார்கள். கேட்டால் சங்கரதாஸ் சுவாமிகள் என்கிறார்கள், நாடக உலகத்துக்கே தலைமை ஆசிரியர் என்கிறார்கள். ‘எந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர்? அவர் நாடகம் எழுதியவரா, இயக்கியவரா? நூறு வருஷத்துக்கு முன் இறந்தவருக்கு எங்கள் ஊர் மேடையில் எதற்குச் சூடம்?’ இதுதான் அவருடைய கேள்வி.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன். என் அப்பா தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரை முழுக்க நாடகத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். பத்து வயதிலிருந்து அவர்கூடத் தாளம் தட்டப் போயிருக்கிறேன். அந்தப் படத்துக்குச் சூடம் காட்டும்போது பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் கண்ணால் பார்த்த ஒன்று. தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் நடுவே ஒரு ஊர், பங்குனி மாசம். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்த இடம்தான் வேஷம் கட்டும் அறை. தரையில் பாய், மேலே ஒரு டியூப்லைட், அதைச் சுற்றிப் பூச்சிகள். வள்ளி வேஷக்கார அக்கா புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார். முருகன் வேஷக்காரர் மானாமதுரைப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். அவர் வந்து சேரும்போது மணி பத்து. இரண்டு பேரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

‘வணக்கம்க்கா. எத்தனை கட்டை வச்சுக்கிருவோம்?’

‘எனக்கு அஞ்சரை, தம்பி. உங்களுக்கு எட்டுமா?’

‘எட்டும்க்கா. விருத்தத்துல மட்டும் கொஞ்சம் பாத்து விடுங்க, தொண்டை கட்டியிருக்கு.’

‘தர்க்கத்துல எதை எடுப்பீங்க?’

‘நீங்க எதுல விடுறீங்களோ அதுல எடுத்துக்கிறேன்.’

கட்டை என்றது சுருதி அளவு, தர்க்கம் என்றது வள்ளியும் முருகனும் மாறி மாறி வாதாடும் பகுதி. ஒத்திகை அவ்வளவுதான். பத்தரைக்குச் சிரிப்பு வேஷக்காரரான பபூன் மேடை ஏறினார். விடிந்து, கடல் பக்கம் வானம் வெளுத்த பிறகு வள்ளிக்கு மாலை விழுந்தது. நடுவில், ராத்திரி இரண்டரை இருக்கும், முருகன் ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டார். சனங்களுக்குத் தெரியவில்லை. வள்ளி சிரித்துக்கொண்டே, அவர் விட்ட பாட்டுக்கு முந்தின வெண்பாவின் கடைசி அடியை எடுத்துப் பாடினார். அந்த அடி முடியும்போது ஆர்மோனியக்காரர் விரல் பழைய மெட்டுக்குப் போயிருந்தது. முருகன் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். அப்பா வாசித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, ‘பாத்தியா, சாமி இழுத்துப் போட்டுட்டாரு’ என்றார். அவர் சொன்ன சாமி கோயிலில் இருந்த அம்மன் இல்லை, மேடை ஓரத்தில் மாலையோடு இருந்த படம்.

இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர், பபூனும் டான்ஸும் வேறு வேறு ஊர். விழாக் கமிட்டிக்காரர்கள் மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ போய் ஆளுக்கொரு தேதி வாங்கி, எல்லோர் போட்டோவையும் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து இருப்பது அந்த ஒரு ராத்திரிதான். இப்படி முன்பின் அறியாத பத்துப் பேர் மேடையில் கூடி எட்டு மணி நேரம் ஒரு கதையைத் தடுக்கி விழாமல் கொண்டு போக வேண்டுமென்றால், அவர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கிறார்கள். அந்த வாத்தியார்தான் படத்தில் இருப்பவர்.

அவர் பிறந்தது 1867 செப்டம்பர் 7, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி. இயற்பெயர் சங்கரன். முதலில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் தகப்பனார். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் யாப்பும் இலக்கணமும் கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருக்கு உடன் படித்தவர். வெண்பாவும் சந்தமும் வண்ணமும் சரளமாக வரும் அளவுக்கு அந்தப் பாடம் அவருக்குள் இறங்கியது. பிழைப்புக்கு அவர் பார்த்த வேலை தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு. வாலிநோக்கத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியும். வெயிலில் கண் கூசும், காற்றிலும் உப்பு இருக்கும், மூட்டை எண்ணி எண்ணிப் பொழுது போகும். அந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு 1891இல், 24 வயதில், நாடகத்துக்கு வந்துவிட்டார்.

அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒருவர் வக்கீல், பின்னாளில் நீதிபதி. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் பொழுதுபோக்காக நடிக்கும் சபை அவருடையது, உரைநடை நாடகங்கள், குறித்த நேரத்தில் முடியும் ஆட்டம். இன்னொருவர் உப்புக் கணக்கர். நடிப்பைத் தவிர வேறு சோறு இல்லாதவர்கள் நடுவே போய் நின்றவர். தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் முன்னவருக்கு நிறையப் பக்கம் ஒதுக்குகிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் நம் கரையில் திருப்பாலைக்குடியிலும் மோர்ப்பண்ணையிலும் மாரியூரிலும் மேடை கட்டும்போது வந்து நிற்பவர் பின்னவர்தான்.

அவர் முதலில் சேர்ந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் சபை. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேஷங்களே அவருக்கு வந்தன. நல்ல உருவம், நல்ல குரல். அவர் சனீஸ்வரன் வேஷம் கட்டிய கதை நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நளன் கதை ஆடி முடித்து, விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்கக் குளத்துப் பக்கம் போயிருக்கிறார். அந்த இருட்டில் தண்ணீருக்கு வந்த ஒரு பெண் அவரைக் கண்டு அலறி விழுந்து, அங்கேயே உயிரை விட்டாள் என்பார்கள். சாவித்திரி நாடகத்தில் எமனாகப் பாய்ந்து வந்ததைக் கண்டு கூட்டத்தில் இருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரு கலைந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. மேடைக்குப் பின்னால் எத்தனையோ வாய் மாறி வந்த கதைகள் இவை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நடந்த விளைவு ஒன்று: அவர் வேஷம் கட்டுவதை விட்டார், துறவு நினைப்போடு தலம் தலமாகப் போனார். வாழ்நாள் முழுக்கக் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ‘சுவாமிகள்’ என்ற பெயர் அந்த நாட்களில் ஒட்டியதுதான்.

அவரைத் திரும்ப இழுத்துப் பிடித்தது நமக்கு வடக்கே இருக்கிற புதுக்கோட்டை. கஞ்சிரா என்றாலே நினைவுக்கு வருகிற மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் வீட்டில் மகனைப் போல வைத்துக்கொண்டார். பழனியில் யாப்பு படித்தவருக்குப் புதுக்கோட்டையில் லயம் கிடைத்தது. அப்பாவுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. ‘சாமி பாட்டுல தாளம் எங்கயும் இடிக்காது, ஏன் தெரியுமா, கஞ்சிராக்காரர் வீட்டுச் சோறு’ என்பார். தமிழ் வாத்தியார் என்ற முறையில் நானும் அவர் பாட்டுகளைச் சீர் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சீரும் தாளமும் கை கோத்துப் போகும். தொண்டை கட்டிய ஒருவன், தூக்கக் கலக்கத்தில், ராத்திரி மூன்று மணிக்குப் பாடினாலும் அடி தவறாது. அப்படிப் பாடுகிறவனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் எழுதியிருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, இயக்குநரா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இயக்குநர் என்ற சொல்லே நாடகத்தில் கிடையாது. வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். நாடகத்தை எழுதுவது, பாட்டுக்கு மெட்டுப் போடுவது, யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்வது, ஒவ்வொருவருக்கும் பாடம் கொடுப்பது, வசனத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது, ஆட்டத்தன்று திரைக்குப் பக்கத்தில் ஏட்டோடு உட்கார்ந்து கவனிப்பது எல்லாம் அவர் வேலை. இன்றைக்கு ஐந்து பேர் பெயரை நோட்டீஸில் போடும் வேலையை ஒருவர் பார்த்தார். சாமி நாயுடு சபை, வள்ளி வைத்தியநாதையர் சபை, அல்லி பரமேசுவர ஐயர் சபை என்று அவர் வாத்தியாராக இருந்த சபைகள் பல. ஒரு நாடகத்தில் பேர் பெற்றவருக்கு அந்த நாடகத்தின் பெயரே முன்னால் சேர்ந்துவிடும், வள்ளி, அல்லி என்று. பாருங்கள், எவ்வளவு அழகான பட்டம்.

அவருக்கு முன்பும் நாடகம் இருந்தது. தெருக்கூத்து இருந்தது, பார்சிக் கம்பெனிக்காரர்களையும் மராட்டியக் குழுக்களையும் பார்த்துத் திரை கட்டி ஆடிய சபைகளும் இருந்தன. ஆனால் வசனம் என்று எழுதி வைத்தது குறைவு. கதை எல்லோருக்கும் தெரியும், நடிகன் மேடையில் நின்று தனக்குத் தோன்றியதைப் பேசுவான். எதிரே இருப்பவனை மட்டம் தட்டப் பேசுவான், குடித்துவிட்டு வந்து பேசுவான், கைதட்டல் வாங்க ஆபாசமாகவும் பேசுவான். சுவாமிகள் இதற்கு ஒரு கரை கட்டினார். இன்ன காட்சி, இன்ன வெண்பா, இன்ன கீர்த்தனை, அதற்குப் பின் இந்த வசனம் என்று வகுத்துக் கொடுத்தார். வசனத்துக்குள் குறளையும் நீதி நூல் அடிகளையும் பழமொழியையும் பொருத்தி வைத்தார். எழுத்து வாசனை இல்லாத நடிகனும் அதை மனப்பாடமாகச் சொல்லுவான், எழுத்து வாசனை இல்லாத சனமும் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் படியே மிதிக்காத ஒரு அப்பத்தா, வலை முடைந்துகொண்டே வள்ளி-நாரதர் தர்க்கத்தை முழுசாகச் சொல்லுவார். அவரிடம்தான் நான் முதலில் வெண்பா ஓசையைக் கேட்டேன், இலக்கண வகுப்பில் இல்லை.

எழுதிய நாடகங்கள் நாற்பதுக்குக் குறையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா, நல்லதங்காள், பிரகலாதன், சதி அனுசூயா, லவகுசா என்று பெரும்பாலும் புராணமும் நாட்டுக்கதையும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத் கதையையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஞானசௌந்தரி சரித்திரமும் அவர் எழுதியதுதான். கடற்கரைக் கிறித்தவ ஊர்களில் திருவிழாவுக்கு ஞானசௌந்தரி போட்டபோது அப்பா வாசிக்கப் போயிருக்கிறார். பவளக்கொடி போட்டால் நம் கரையில் கூட்டம் தனியாகச் சேரும். பவளத்தீவு, கடல் கடந்து போகிற அர்ச்சுனன் என்று வருகிற கதை அல்லவா, மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சங்கு எடுத்த குடும்பங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் பாய் கொண்டுவந்து போட்டு விடிய விடியக் கேட்டதையும் பார்த்திருக்கிறேன்.

1910 வாக்கில் சமரச சன்மார்க்க சபை என்று சொந்தமாக ஒரு சபை தொடங்கினார். செங்கோட்டை கிட்டப்பாவும் அவர் அண்ணன் தம்பிகளும் அங்கேதான் சிறுவர்களாகப் பாடம் கேட்டார்கள். 1906இல் பிறந்த கிட்டப்பாவுக்கு அப்போது ஆனா ஆவன்னா படிக்கிற வயது. அந்தக் குரல்தான் பிற்பாடு கொழும்பில் கே.பி. சுந்தராம்பாளோடு மேடையேறி, இரண்டு கரையிலும் சனங்களைப் பைத்தியமாக்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட்மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய் இலங்கையில் நாடகம் ஆடிவிட்டு வருவது நடிகர்களுக்கு வழக்கமாயிற்று. 1964 டிசம்பர் புயல் அந்த வழியையே அழித்தது. ஆர்மோனியப் பெட்டியும் வேஷப் பெட்டியும் தலையில் சுமந்து அந்தத் துறையில் ஏறி இறங்கியவர்கள் எத்தனை பேரோ. தனுஷ்கோடிக்கு இப்போது சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இடிந்த சர்ச்சைப் பார்க்கிறார்கள், ரயில் நிலையத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வரும்.

பிள்ளைகளை வைத்து நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் எப்படி வந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெரிய நடிகர்களை வைத்துச் சபை நடத்துவது சுலபமில்லை. ஒருவன் முன்பணம் வாங்கிக்கொண்டு வரமாட்டான், ஒருவன் எழுதிக் கொடுத்ததைப் பேசமாட்டான். சிறுவர்கள் என்றால் வாத்தியார் சொன்னதைக் கேட்பார்கள், சபையிலேயே தங்கிச் சாப்பிடுவார்கள், காலையில் குரல் சாதகம், அப்புறம் பாடம், ராத்திரி ஆட்டம் என்று குருகுலம் போல நடத்தலாம். மதுரையில் ஜெகந்நாதையர் நடத்திய சிறுவர் சபையில் சுவாமிகள் வாத்தியாராக இருந்தார். பிறகு 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது, அதற்கு ஆசிரியர் அவர். அந்த வருஷம் அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேஷத்தில் பேர் பெற்றவர், சுவாமிகளுக்குப் பழக்கமானவர். சேரும்போது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது.

ஆறு வயதுப் பையன் எதைப் படிப்பான்? வாத்தியார் ஒரு அடி சொல்ல, இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பொருள் தெரியாது, ஓசை தெரியும். முதலில் ஓசை உள்ளே போய் உட்காரும், பொருள் வருஷங்கள் கழித்து வரும். அந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டதும் சுவாமிகள் அவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதினார், அதுவும் ஒரே ராத்திரியில். சண்முகம் பெரியவரான பிறகும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன விஷயம் இது. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடியும்போது பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தோடு எழுந்திருக்கிறார். இதில் வேகத்தைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யாருக்காக எழுதினார் என்பது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், பேரும் புகழும் வந்தாயிற்று. ஒரு சின்னப் பையனுடைய குரல் எதுவரை ஏறும், அவன் மூச்சு எத்தனை சீர் தாங்கும் என்று கணக்குப் பார்த்து ஒரு நாடகம் எழுதுகிறார். நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவனுக்காக ஒரு பாடத்தையாவது இப்படி மாற்றி எழுதினேனா என்று கேட்டுக்கொண்டதுண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவர் சபைகள் பிள்ளைகளுக்குச் சுகமான இடமாக இருக்கவில்லை. தாய் தகப்பனை விட்டு வந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், அடி வாங்கியவர்கள். சுவாமிகளும் கோபக்காரர், பாடம் தவறினால் விடமாட்டார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்கு மேடையில் அப்புறம் வேலை இருக்காது, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடப் படிப்பும் இருக்காது, வேறு கைத்தொழிலும் இருக்காது. கிட்டப்பாவையும் சண்முகத்தையும் பேசுகிற நாம், குரல் உடைந்து திரும்பிப்போன பிள்ளைகளைப் பேசுவதில்லை. அவருடைய பெண் பாத்திரங்களைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தில் முன்வரிசைப் பெண்கள் அழுகிற அழுகையைக் கேட்டால், இந்தக் கதையை இன்னும் எத்தனை காலத்துக்குப் போடுவது என்று தோன்றும். ஆனால் அதே கையால் எழுதிய வள்ளி, தினைப்புனத்தில் தனியாக நின்று நாரதரையும் கேள்வி கேட்கிறாள், முருகனையும் கேள்வி கேட்கிறாள். தர்க்கத்தில் வள்ளி வேஷக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் முருகன் திணறிப் போவார், அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து எழும் குலவையை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

இந்தத் தர்க்கத்தில்தான் அவருடைய வாத்தியார் வேலை எனக்கு நன்றாகத் தெரிகிறது. பல பாட்டுகளில் ஒருவர் விடும் கடைசி அடி, மற்றவர் எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுக்கும். கேள்வியிலேயே பதிலின் மெட்டு இருக்கும். ‘காயாத கானகத்தே’ என்று முருகன் வேட்டைக்கார வேஷத்தில் தொடங்கினால், வள்ளி எங்கே நிற்க வேண்டும், மிருதங்கம் எந்த நடைக்கு வர வேண்டும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரர் எங்கே தட்ட வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடுவில் அவரவர் சொந்தச் சரக்கை இறக்கலாம், ஊர் நிலவரம் பேசலாம், சினிமாப் பாட்டுகூட ஒரு வரி சேர்க்கலாம். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வருவதற்கு ஒரு பாட்டு காத்திருக்கும். கம்பெனியில் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்த கரை, கம்பெனிகளே இல்லாமல் போன பிறகும் நின்றுவிட்டது. மேலே சொன்ன அந்த ராத்திரியில் அப்பா ‘சாமி இழுத்துப் போட்டுட்டாரு’ என்றது இதைத்தான்.

அவருக்குக் கடைசிக் காலம் கொடுமையாக அமைந்தது. பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஓசையாலேயே பாடம் கொடுத்தவருக்கு ஓசை இல்லை. அப்போதும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை, சபையும் அவரை விடவில்லை. பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு கூடவே இருந்தார். 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. அந்தப் பையனும் சகோதரர்களும் பிற்பாடு சொந்தக் குழு தொடங்கி, ஔவையார் வேஷம் கட்டி, அவர் ஔவை சண்முகம் ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. என்.எஸ். கிருஷ்ணன் அவர்கள் குழுவில் வளர்ந்தவர், சிறுவனாக இருந்த கமல்ஹாசனும் அங்கே இருந்திருக்கிறார். சுவாமிகளைத் தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று ஊர் ஊராகச் சொல்லி நிலைநாட்டியவர் சண்முகம்தான். மதுரைத் தமுக்கத்துக்கு முன்னால் சிலை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டீர்களே தம்பி, இப்போது அப்படியும் ஒன்று இருக்கிறது.

இன்றைய நிலைமை பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் சொல்லச் சொல்ல வருத்தம்தான் மிஞ்சும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியால், விடிய விடிய ஆட வேண்டிய நாடகம் எத்தனையோ ஊரில் பாதியில் நிற்கிறது. எங்கள் ஊரிலேயே ஒரு வருஷம் கமிட்டியில் இளவட்டங்கள் நாடகம் வேண்டாம், ஆடல்பாடல் போடுவோம் என்று முடிவு செய்தார்கள். அந்த வருஷம் படமும் இல்லை, சூடமும் இல்லை. அடுத்த வருஷம் பெண்கள்தான் முளைப்பாரி எடுக்கும்போதே சண்டை போட்டு நாடகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மேடையில் நடிக்கிற பெண்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சும் மாற வேண்டும். விடிய விடிய வள்ளி என்று கும்பிட்டுவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டில் அதே அக்காவை வேறு மாதிரிப் பார்க்கிற கண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அக்காமார்தான் அப்பத்தாவுக்குப் பிறகு எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள்.

நாடகம் எழுதியவரா, இயக்கியவரா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் செய்தார், ஆனால் யாருக்காவது பாடம் கொடுப்பதற்காகவே இரண்டையும் செய்தார். அதனால் நான் வாத்தியார் என்றே சொல்வேன், நடிகர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வருகிற பங்குனியில் உங்கள் ஊரில் நாடகம் போட்டால், முன்வரிசையில் உட்காராதீர்கள். ஆர்மோனியக்காரரிடம் ‘அண்ணே, பின்னாடி ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்’ என்று கேட்டு இடம் பிடியுங்கள். பபூன் காமிக் முடிந்து, டான்ஸ் முடிந்து, வள்ளி மேடைக்கு வருவதற்கு முன் அவர் துருத்தியை மெல்ல அமுக்கி, அந்தப் பக்கம் திரைக்குள் நிற்கிற அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு சுரம் காட்டுவார். உள்ளேயிருந்து அக்கா அதே சுரத்தில் லேசாக ஒரு ‘ம்’ கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், மீதியை அப்போது பேசலாம்.